கொசுவுக்கு வயது என்ன?

கல்யாண வீடுகளில் பக்கத்து நாற்காலியில் உட்காரும் ஆன்ட்டிகள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "எங்கம்மா வேலை செய்யிற?" என்பதுதான். ஆராய்ச்சிக்கூடத்தில் என்றால் முகம் மலரும். என்ன ஆராய்ச்சி என்பார்கள். கொசு என்பேன். "கொசுவைக் கொல்ல மருந்து கண்டுபிடிக்கிறீங்களா?" "இல்ல ஆன்ட்டி, வளர்க்கிறோம்." அதற்கு மேல் பேச்சு பாயசத்துக்கு மாறிவிடும்.

எச்சில் என்று சொல்ல நான் இதுவரை துணிந்ததில்லை. ஆனால் கடந்த ஒன்பது ஆண்டுகளாக என் வேலை நேரத்தில் பெரும்பகுதி கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைப் பார்ப்பதிலேயே கழிந்திருக்கிறது. "பார்க்கிறதுக்கு அதுல என்னதான் இருக்கு?" என்று அம்மா அடிக்கடி கேட்பார். சென்ற ஆண்டு டிங்கிக் காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு அந்தக் கேள்வியை அவர் கேட்பதில்லை.

முதலில் அந்தச் சுரப்பி. பெண் கொசுவின் நெஞ்சுப் பகுதியில், கழுத்துக்குச் சற்றுப் பின்னால், இடம் ஒன்று வலம் ஒன்றாக இரண்டு இருக்கும். ஒவ்வொன்றிலும் மூன்று மடல்கள். பக்கவாட்டில் இரண்டு நீளமானவை, நடுவில் ஒன்று குட்டை. ஒரு மில்லிமீட்டர் நீளம்கூடத் தேறாது. கொசுவைக் குளிரில் மயங்க வைத்து, ஒரு சொட்டு உப்புநீரில் கிடத்தி, ஓர் ஊசியால் நெஞ்சை லேசாக அழுத்திக்கொண்டு இன்னோர் ஊசியால் தலையை மெதுவாக இழுக்க வேண்டும். அவசரப்பட்டால் அறுந்துவிடும். பொறுமையாக இழுத்தால் தலையோடு சேர்ந்து சுரப்பியும் வழுக்கிக்கொண்டு வரும். கண்ணாடியில் செய்த மூன்று விரல்கள் மாதிரி இருக்கும். எனக்கு இன்றும் அது வெளியே வரும் அந்த நொடி பிடிக்கும்.

ஆண் கொசுவுக்கும் இது உண்டு. ஆனால் மிகச் சிறியது. பூந்தேனும் இனிப்புச் சாறும் குடித்து வாழ்கிறவனுக்குப் பெரிய சுரப்பி எதற்கு? கடிப்பது பெண் மட்டும்தான். முட்டை வளர்க்க அவளுக்கு இரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும்.

பிறந்த அன்றே அவள் கடிக்க வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது. தண்ணீரில் மிதக்கும் கூட்டைப் பிளந்துகொண்டு வெளியே வந்து சில மணி நேரமே ஆன கொசுவின் சுரப்பியை எடுத்துப் பாருங்கள். மடல்கள் ஒல்லியாக இருக்கும். நடுவில் ஒரு மெல்லிய குழாய், அதைச் சுற்றி ஒரே வரிசையாக உயிரணுக்கள். ஒவ்வோர் உயிரணுவும் கெட்டியாக, உருண்டு திரண்டு, நடுவில் பெரிய உட்கருவோடு நிற்கும். உள்ளே சேமிப்பு என்று சொல்ல அதிகம் இருக்காது.

அந்தச் சுரப்பியே புத்தம் புதியது. தண்ணீரில் நெளிந்துகொண்டிருந்த புழுவுக்கும் ஓர் உமிழ்நீர்ச் சுரப்பி இருந்தது. கூட்டுப்புழுவாக மாறியபோது அது அழிந்துபோனது. அதன் மேல்முனையில் வளையம் போல ஒதுங்கியிருந்த சில சின்ன உயிரணுக்கள் மட்டும் தப்பின. அவை பெருகி, நீண்டு, மூன்று மடல்களாகப் பிரிந்துதான் இந்தக் கண்ணாடி விரல்கள் உருவாயின. பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில் வேறு வீடு கட்டுவது போல.

அடுத்த மூன்று நான்கு நாள்களில் நடப்பதுதான் வேடிக்கை. உயிரணுக்கள் எண்ணிக்கையில் பெருகுவதில்லை; இருப்பவையே உருமாறுகின்றன. குழாயை நோக்கி இருக்கும் பக்கத்தில் ஒவ்வோர் உயிரணுவிலும் ஒரு குழி விழுகிறது. உமிழ்நீர்ப் புரதங்கள் உருவாகி அந்தக் குழிக்குள் சேரச் சேர, குழி பெரிதாகிறது. உயிரணுவின் உடம்பு ஓரத்துக்குத் தள்ளப்பட்டு மெல்லிய சுவராகிறது. நடுவில் கம்பீரமாக இருந்த உட்கருவும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொள்கிறது. ஐந்தாம் நாள் கொசுவின் சுரப்பியைப் பக்கத்தில் வைத்தால் இரண்டும் ஒரே உறுப்பு என்று நம்புவது கடினம். அது உப்பி, நிறைந்து, தயாராக நிற்கும்.

இந்த இரண்டு படங்களையும் ஒருமுறை கைப்பேசியில் அம்மாவுக்குக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "இது கொழுக்கட்டைக்குச் சொப்பு பண்ற மாதிரில்ல இருக்கு" என்றார்.

எத்தனையோ ஆய்வுக் கட்டுரைகள் படித்திருக்கிறேன். இதைவிட நல்ல விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை. மாவை உருண்டையாகப் பிடிக்கிறோம். கட்டைவிரலால் நடுவில் குழிக்கிறோம். சுற்றிச் சுற்றி அழுத்த, உருண்டை கிண்ணமாகிறது, சுவர் மெலிகிறது. மாவின் அளவு கூடவில்லை, உருவம்தான் மாறியது. பிறகு பூரணம். அன்று முதல் எங்கள் வீட்டில் கொசுவின் உமிழ்நீருக்குப் பெயர் பூரணம்.

அந்தப் பூரணத்தில் என்ன இருக்கிறது? மடலின் மேல்பகுதியில் சர்க்கரையைச் செரிக்கும் நொதிகள். கீழ்ப்பகுதியிலும் நடு மடலிலும் இரத்தம் குடிக்கத் தேவையான சரக்கு. நம் தோலில் ஊசி நுழைந்ததும் அடிபட்ட உயிரணுக்களிலிருந்து ஒரு சமிக்ஞை கிளம்பும். அதைக் கேட்டு இரத்தத் தட்டணுக்கள் ஓடிவந்து ஓட்டையை அடைக்கும். கொசுவின் உமிழ்நீரில் உள்ள அபிரேஸ் என்ற நொதி அந்தச் சமிக்ஞையையே சிதைத்துவிடும். தட்டணுக்களுக்குச் செய்தி போய்ச் சேராது. வேறு சில புரதங்கள் இரத்தம் உறைவதைத் தடுக்கும். ஏடிஸ் கொசுவிடம் இரத்தக் குழாயை விரியச் செய்யும் பொருளும் உண்டு. அரிப்பையும் வீக்கத்தையும் கிளப்பும் நம் உடம்பின் ஹிஸ்டமினை அப்படியே பிடித்து வைத்துக்கொள்ளும் புரதங்களும் இருக்கின்றன. அவள் குடித்து முடித்துப் பறந்த பிறகுதான் நமக்கு அரிக்கிறது என்பது தற்செயல் அன்று.

உமிழ்நீர்க் குழாயை அறுத்துவிட்டாலும் கொசுவால் இரத்தம் குடிக்க முடியும் என்று முன்பே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அப்படியென்றால் உமிழ்நீர் எதற்கு? விடை 1984இல் வந்தது. உமிழ்நீர் இல்லாத கொசு இரத்தக் குழாயைத் தேடி நெடுநேரம் குத்திக் குத்திப் பார்க்கிறது. உமிழ்நீர் இருந்தால் சட்டென்று வேலை முடிகிறது. நம் கை எப்போது வந்து விழும் என்று தெரியாத ஒரு பிராணிக்கு அந்தச் சில விநாடிகள் உயிர். சுரப்பியில் மலேரியாக் கிருமி ஏறிய கொசுக்களுக்கு அபிரேஸ் குறைந்து, அவை அதிக நேரம் குத்தித் தேடுவதையும் அதே ஆண்டில் அதே ஆய்வாளர்கள் கண்டார்கள். கூடுதலாக ஒவ்வொரு முறை குத்தும்போதும் கிருமிக்கு ஒரு வாய்ப்பு.

மலேரியா என்றதும் எங்கள் பாட்டி நினைவுக்கு வருகிறார். அவர் அதை மலேரியா என்று சொன்னதில்லை, குளிர்க் காய்ச்சல்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்து லயத்தில் பிறந்து வளர்ந்தவர். பெரட்டில் வரிசையாக நிற்க வைத்துக் கொய்னாத் தண்ணீர் கொடுத்ததையும், கசப்பு தாங்காமல் பிள்ளைகள் துப்பியதையும், கால்வாயில் எண்ணெய் தெளிக்க ஓர் ஆள் முதுகில் தகரத்தோடு போனதையும் சொல்வார். ஜப்பான்காரன் காலத்தில் எண்ணெயும் நின்றது, கொய்னாவும் நின்றது. பாட்டிக்கு அப்போது 11 வயது. ஆறு வயதுத் தம்பி மூன்று முறை குளிர் கண்டு, நான்காம் முறை எழுந்திருக்கவில்லை. அவர் பெயரைத்தான் என் மாமாவுக்கு வைத்தார்கள்.

எண்ணெய் தெளிக்கும் அந்த ஏற்பாட்டுக்குப் பின்னாலும் இந்தச் சுரப்பிதான் இருக்கிறது. 1897 ஆகஸ்ட் 20ஆம் தேதி செகந்திராபாத்தில் ரொனால்ட் ராஸ் என்ற மருத்துவர், மலேரியா நோயாளியைக் கடித்த கொசுவின் வயிற்றுச் சுவரில் கிருமி வளர்வதைக் கண்டார். கொசுவுக்குள் கிருமி போகிறது என்பது தெரிந்தது. வெளியே எப்படி வருகிறது? அதற்கு மறு ஆண்டு ஜூலை வரை ஆனது. கல்கத்தாவில், முகம்மது பக்ஸ் என்ற உதவியாளரோடு பறவை மலேரியாவை வைத்துப் பல நூறு கொசுக்களை அறுத்தார். கழுத்தோரம் ஒரு சுரப்பி, அதன் உயிரணுக்களுக்குள் நூல் நூலாகக் கிருமிகள், அதிலிருந்து ஒரு குழாய் நேராக வாய் ஊசிக்கு. புதிர் முடிந்தது. 1902இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பக்ஸின் பெயர் அடிக்குறிப்புகளில்தான் இருக்கிறது.

அந்தக் கண்டுபிடிப்பை எடுத்துக்கொண்டு 1901இலேயே கிள்ளானில் வேலையைத் தொடங்கியவர் மால்கம் வாட்சன். மாவட்ட மருத்துவர். அந்த ஆண்டுதான் போர்ட் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகம் திறந்தது. வேலைக்கு வந்தவர்களைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனதில், திறந்த வேகத்திலேயே மூடிவிடலாமா என்ற நிலை. வாட்சன் காட்டை வெட்டினார், சதுப்பு நீரை வடித்தார், காய்ச்சல் அடங்கியது. அதையே மலைப்பக்கத் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் கூடியது. அங்கே இருந்த கொசு வேறு இனம். வெயில் படும் தெளிந்த ஓடையை விரும்புவது. மரத்தை வெட்டியது அதற்கு விருந்து வைத்த மாதிரி. அதன் பிறகுதான் நிலத்தடிக் குழாயும், பாட்டி பார்த்த எண்ணெய்த் தகரமும் வந்தன. காட்டை வெட்டியவர்களிலும், அந்தக் கொசுவுக்கு இரத்தம் கொடுத்தவர்களிலும் நம் ஆட்கள் பலர் இருந்தார்கள்.

சென்ற ஆண்டு தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தபோது அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. கண்ணுக்குப் பின்னால் வலி என்றார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. மூன்றாம் நாள் மருத்துவமனையில் சேர்த்தோம். காய்ச்சல் இறங்கியதும் உறவினர்கள் "சரியாயிடுச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். டிங்கியில் காய்ச்சல் இறங்கும் அந்த நேரம்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய நேரம். 150,000க்கு மேல் இருக்க வேண்டிய தட்டணுக்கள் 34,000க்கு இறங்கின. ஒருவர் பப்பாளி இலைச் சாறு கொண்டு வந்தார், இன்னொருவர் நண்டு சூப். மருத்துவர் கேட்டதெல்லாம் எவ்வளவு தண்ணீர் குடித்தார், எவ்வளவு சிறுநீர் போனது என்பதுதான்.

அந்த இரவு அம்மா அரைத் தூக்கத்தில், "உன் கொசுவா இருக்குமோ?" என்று கேட்டார். பக்கத்துப் படுக்கைக்காரர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் கூடத்தில் கொசு இரட்டைக் கதவுக்குப் பின்னால், வலைக் கூண்டுக்குள் இருக்கிறது; அது வெளியே வருவதில்லை. ஆனாலும் நாள் முழுக்க எதை நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேனோ, அதுவே என் தாயின் கையில் போய் இறங்கியிருக்கிறது.

மருத்துவமனைக்குப் போகும் முன் வீட்டில் இருந்த இரண்டு நாளும் அம்மாவுக்குக் கை காலில் கொசு விரட்டித் தைலம் தடவி, பகலிலும் வலைக்குள் படுக்க வைத்திருந்தேன். "ஏற்கெனவே கடிச்சாச்சு, இனிமே எதுக்கு?" என்று தம்பி கேட்டான். காய்ச்சல் தொடங்குவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே நோயாளியின் இரத்தத்தில் கிருமி ஓடுகிறது. காய்ச்சல் நீடிக்கும் நாள்களிலும் ஓடும். அப்போது அம்மாவைக் கடிக்கும் கொசு அடுத்த வீட்டுக் குழந்தைக்கு அதைக் கொண்டுபோகலாம். வலை அம்மாவுக்காகக் கட்டியது அன்று. தம்பி அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லாமல் ஜன்னலைச் சாத்தினான்.

அம்மா வீடு திரும்பிய வாரம், சமையலறையில் மாட்டியிருக்கும் மளிகைக் கடை நாள்காட்டியைக் கழற்றி மேசையில் வைத்துக்கொண்டு இருவரும் பின்னோக்கி எண்ணினோம். அவர்தான் கேட்டார், "எப்ப கடிச்சிருக்கும்?" என்று.

காய்ச்சல் தொடங்கிய நாளில் ஒரு வட்டம். கிருமி உடம்பில் நுழைந்து காய்ச்சலாக வெளிப்பட 4 முதல் 10 நாள். ஆகவே அதற்கு முந்திய வாரத்தில், பால்கனியில் துணி காயப்போட்ட ஏதோ ஒரு காலையில், அந்தக் கொசு அம்மாவைக் கடித்திருக்கிறது. அந்தக் கொசு வேறு யாரோ ஒருவரின் இரத்தத்திலிருந்து கிருமியைக் குடித்து, அது வயிற்றிலிருந்து உடம்பெங்கும் பரவிச் சுரப்பிக்கு வந்து சேர 8 முதல் 12 நாள் ஆகியிருக்கும். இன்னொரு வட்டம். அந்த முதல் இரத்தத்துக்கு முன்னால், சுரப்பி சொப்பாகிப் பூரணம் நிறைய மூன்று நான்கு நாள். அதற்கும் முன்னால் முட்டை பொரிந்து, புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள். பென்சில் முந்தைய மாதத் தாளுக்குப் போய்விட்டது.

அம்மா அந்தக் கடைசி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப இங்க, இது வெறும் தண்ணியில புழுவா கிடந்துச்சு."

"ஆமாம்மா."

"பொறந்தப்ப அதுகிட்ட ஒண்ணும் இல்ல."

அநேகமாக இல்லை என்றேன். தாய்க் கொசுவிடமிருந்து முட்டை வழியாகக் கிருமி இறங்குவது உண்டு, ஆனால் அரிது. பெரும்பாலான கொசுக்கள் சுத்தமாகத்தான் பிறக்கின்றன. பல்லி, சிலந்தி, மழை, நம் கை என்று எத்தனையோ ஆபத்துகளுக்கு நடுவில் பலவும் கிருமி சுரப்பிக்கு வந்து சேரும் அந்த நாளைப் பார்ப்பதே இல்லை. ஆபத்தானவள் வயதான கொசு. தன் உமிழ்நீருக்காக அவள் குழித்து வைத்த அதே குழிக்குள் கிருமி வந்து காத்திருக்கும். பிறகு ஆயுள் முழுக்க ஒவ்வொரு கடியோடும் இறங்கும். மலேரியாக் கிருமியும் அப்படித்தான். ஆயிரக்கணக்கில் அந்தக் குழிகளில் கட்டுக் கட்டாக அடுக்கிக் கிடந்தாலும், ஒரு கடியில் வெளியேறுவது சில பத்துகள்தான். குழாயின் சுவர் கெட்டி. அதற்குள் நுழைவது எளிதன்று. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டெபோரா ஆண்ட்ரூவின் குழு இந்தச் சுரப்பியின் உருவத்தை நுணுகிப் பார்த்து வருவது இதனால்தான். சொப்பே சரியாக உருவாகாமல் செய்துவிட்டால் கிருமிக்குத் தங்க இடம் இருக்காதே என்பது என்னைப் போன்றவர்களின் நெடுநாள் ஆசை. அது நடக்க இன்னும் காலம் இருக்கிறது.

நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் அந்த வாரம் புகை அடித்தார்கள். புகை அடித்தால் மக்களுக்கு ஒரு திருப்தி. சத்தம் வருகிறது, வெள்ளையாக எழும்புகிறது, ஏதோ நடக்கிறது. பறக்கும் கொசுக்களில் கொஞ்சம் சாகும் என்பதும் உண்மை. வயதானவர்களும் அதில் போவார்கள். ஆனால் தண்ணீரில் கிடக்கும் புழுவை அது தொடாது. மறுநாள் காலை புதிய கொசு கூட்டைப் பிளந்துகொண்டு வரும். எங்கள் பக்கம் அடிக்கடி தண்ணீர்த் தடை வேறு. வீட்டுக்கு வீடு வாளியும் பீப்பாயும் நிரப்பி வைப்பார்கள். தண்ணீர் வந்த பிறகும் அது அப்படியே நிற்கும்.

அம்மாவுக்கு உடம்பு தேற ஒன்றரை மாதம் ஆனது. இப்போது சனிக்கிழமைதோறும் நாள்காட்டியில் பென்சிலால் ஒரு கோடு போட்டுவிட்டுக் கையில் ஒரு டார்ச் விளக்கோடு நடைபாதையில் இறங்கிவிடுகிறார். மீன் இல்லாத மீன் தொட்டி, பூச்சாடித் தட்டு, குடை வைக்கும் வாளி, எதையும் விடுவதில்லை. கூப்பிடாத விருந்தாளி என்று சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை நானும் கூடப் போனேன். ஐந்தாம் மாடியில் ஓர் அக்காள் வீட்டு வாசலில் பாதி வாளித் தண்ணீர். விளக்கை அடித்தால் காற்புள்ளிகள் மாதிரி கூட்டுப்புழுக்கள் துள்ளின.

"இதுல புழுதானே இருக்கு ஆன்ட்டி, கொசு இல்லையே" என்றார் அந்த அக்காள்.

அம்மா வாளியின் காதைப் பிடித்துவிட்டார். "அதான் சொல்றேன். இன்னும் சொப்புகூடப் பண்ணல. இப்பவே ஊத்திடு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் ஊற்றிவிட்டார்.